ரேஸ் டிரைவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? பரிசுப் பணமா, சம்பளமா, ஸ்பான்சரா?

#1 புதுக்கிளட்ச்

வணக்கம். அஜித்குமார் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கியதிலிருந்து இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் சுற்றுகிறது, ஒழுங்கான பதில்தான் கண்ணில் படவில்லை. ஜெயித்தால் வரும் பரிசுப் பணம்தான் பிழைப்பு என்கிறார்கள் சிலர். எஃப்1-இல் (ஃபார்முலா 1) கோடிகளில் சம்பளம் என்கிறார்கள் சிலர். கையில் காசு இருந்தால்தான் ஓட்டவே முடியும் என்று இன்னொரு கட்சி. இதில் எது நிஜம்?

#2 சோழவரம்77

மூன்றும் நிஜம். ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

எந்தப் பந்தயமாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அந்தக் கார் ஓடுவதற்கான பணத்தை யார் போடுகிறார்? கார் கம்பெனி போட்டால் டிரைவர் சம்பளக்காரர். ஸ்பான்சர் போட்டால் அந்த ஸ்பான்சர் டீமுக்கு வேண்டியவரா, டிரைவரோடு வந்தவரா என்று பார்க்க வேண்டும். அதே காரை மாறி மாறி ஓட்டும் பணக்காரர் போட்டால் டிரைவர் அவரிடம் வேலை செய்பவர். யாருமே போடாவிட்டால் டிரைவரின் குடும்பம்தான் போட்டாக வேண்டும். பரிசுப் பணம் இந்த நாலுக்கும் பிறகுதான் வருகிறது.

எஃப்1-இல் டிரைவர் கைக்குப் பரிசுப் பணம் என்று ஒரு பைசா நேராக வராது. எஃப்1 நிர்வாகத்துக்கும் டீம்களுக்கும் இடையிலான கான்கார்ட் ஒப்பந்தப்படி அது டீம்களுக்குப் போகிறது, கன்ஸ்ட்ரக்டர் பட்டியலில், அதாவது டீம்களின் புள்ளிப் பட்டியலில், பிடித்த இடத்தைப் பொறுத்து. டிரைவருக்கு டீமோடு தனி ஒப்பந்தம். அதில் ஒரு நிலைத்த தொகை, அதற்கு மேல் புள்ளிக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு, பட்டத்துக்கு இவ்வளவு என்று போனஸ். இந்தத் தொகைகளை டீம்கள் வெளியிடுவதில்லை. பத்திரிகைகளில் வரும் 'அதிகச் சம்பள டாப் 10' எல்லாம் மதிப்பீடுதான்.

இன்னொன்று. 2021-இல் 14.5 கோடி டாலர் செலவு வரம்பு வந்தபோது டிரைவர் சம்பளத்தை அதற்கு வெளியே வைத்தார்கள். டிரைவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் காற்றுச் சுரங்கச் சோதனைக்கோ காரின் புது அடித்தட்டுக்கோ வைத்த காசு குறைந்துவிடாது. பெரிய டீம்கள் சம்பளத்தில் தாராளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

#3 லேட்பிரேக்கர்

புள்ளிக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. கிமி ரைக்கோனன் லோட்டஸ் டீமில் 2012-இல் எஃப்1-க்குத் திரும்பி வந்தபோது புள்ளிக்கு 50,000 யூரோ போனஸ் என்று அப்போது செய்திகளில் வந்தது. இரண்டு வருடம் ரேலி ஓட்டிவிட்டு வருகிறவர், ஓரளவு புள்ளி எடுப்பார் என்று டீம் கணக்குப் போட்டிருக்கும். அவர் எடுத்தது 207. பெருக்கிப் பாருங்கள்: 1 கோடியே 3 லட்சத்து 50 ஆயிரம் யூரோ, அதுவும் போனஸ் மட்டும். அடுத்த வருடம் இன்னொரு 183.

டிரைவர் புள்ளி எடுத்தால் டீமின் இடமும் உயரும், பரிசுப் பங்கும் கூடும், அதிலிருந்து கொடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். ஆனால் அந்தப் பங்கு மறுவருடம்தான் தவணை தவணையாக வந்து சேரும். போனஸோ இந்த வருடமே கொடுக்க வேண்டிய கடன். கையில் ரொக்கம் இல்லாத டீம் இந்த இடைவெளியில்தான் மாட்டும். 2013-இல் சம்பளம் நிலுவையில் நின்றது, கிமி அதை வெளியிலும் சொன்னார். கடைசி இரண்டு பந்தயங்களை விட்டுவிட்டு முதுகு அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார்.

#4 கணக்குப்பிள்ளை

லேட்பிரேக்கர் புள்ளியின் வரவைச் சொன்னார், செலவு என் பங்கு. எஃப்1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசன்ஸுக்கு வருடக் கட்டணம் உண்டு. 2023-க்கு அடிப்படை 10,400 யூரோ, அதோடு முந்தைய சீசனில் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் 2,100 யூரோ. வெர்ஸ்டாப்பன் 2022-இல் எடுத்தது 454 புள்ளி. ஆக லைசன்ஸ் மட்டும் 9,63,800 யூரோ.

இதை டீம் கட்டுமா டிரைவர் கட்டுவாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. புள்ளி போனஸ் பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். போனஸ் சின்னதாக இருந்து லைசன்ஸும் டிரைவர் தலையில் விழுந்தால், புள்ளி எடுத்த சந்தோஷத்தில் ஒரு துண்டு மறுவருடம் கழிந்துபோகும்.

#5 புதுக்கிளட்ச்

அப்படியென்றால் காசு கொடுத்து ஓட்டுபவர்கள்? நரேன் கார்த்திகேயனும் அப்படித்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

#6 சோழவரம்77

'பே டிரைவர்' என்பதைத் திட்டுச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. எஃப்1-இன் பின்வரிசை டீம்களுக்கு டிரைவரோடு வரும் ஸ்பான்சர் பணம் பட்ஜெட்டில் ஒரு வரவுக் கணக்கு. 2005-இல் நம் கோயம்புத்தூர்க்காரர் ஜோர்டான் டீமில் நுழைந்தபோது டாடா பின்னால் நின்றது உண்மை. அதற்கு முன்னால் பிரிட்டனில் எஃப்3 (எஃப்1-க்குக் கீழே உள்ள படி) ரேஸ்கள் ஜெயித்துவிட்டு வந்தவர் என்பதும் உண்மை. பாஸ்டர் மால்டோனாடோவை எடுத்துக்கொள்ளுங்கள். வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனத்தின் பணத்தோடு வில்லியம்ஸுக்கு வந்தார், 2012 ஸ்பெயின் கிராண்ட் ப்ரீயை ஜெயித்தார். நிக்கி லாடா ஆரம்பத்தில் ஆயுள் காப்பீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கி சீட் பிடித்தவர். மூன்று முறை உலகச் சாம்பியன்.

பணத்தோடு போகும் டிரைவருக்குச் சம்பளம் எப்படி என்றால், ஸ்பான்சர் தரும் மொத்தத்தில் ஒரு பகுதி டீமுக்கு, ஒரு பகுதி டிரைவருக்கு என்று பிரித்தே எழுதுவார்கள். அல்லது முழுவதும் டீமுக்குப் போய், டீம் ஒரு சின்னத் தொகையைச் சம்பளமாகத் திருப்பித் தரும். இரண்டாவது ஏற்பாட்டில் ஆபத்து அதிகம். ஸ்பான்சர் ஒரு தவணை தவறினால் டீம் முதலில் நிறுத்துவது டிரைவரின் காசைத்தான். அதற்குப் பிறகு சீட்டே போகும்.

சீட் உறுதி என்று நினைப்பதும் தப்பு. ஹீடோ வான் டெர் கார்டே 2015-க்கு சாபர் டீமோடு ஒப்பந்தம் வைத்திருந்தார். டீம் வேறு இருவரை எடுத்துக்கொண்டது. மெல்போர்ன் நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார், கடைசியில் ஓட்டவில்லை, பணம் வாங்கிக்கொண்டு விலகினார்.

#7 மூன்றாம்_வளைவு

எல்லோரும் எஃப்1 பேசுகிறீர்கள். பரிசுப் பணம் நிஜமாகவே டிரைவர் பையில் விழும் இடம் அமெரிக்கா. அதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் வழக்கமான ஒப்பந்தம்: வருடச் சம்பளம், அதோடு கார் ஜெயிக்கும் பரிசுத் தொகையில் ஒரு சதவீதம். 40 முதல் 50 வரை என்பது நெடுநாள் பேச்சு. அனுபவமும் பெயரும் இருந்தால் சம்பளம் கூடும், புதியவர் என்றால் சம்பளம் குறைந்து சதவீதத்தை நம்ப வேண்டிவரும். 2015 வரை ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு என்று வெளிப்படையாக அச்சிட்டார்கள். நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ அந்த வருடம் ஜெயித்த ஜோயி லொகானோவின் காருக்கு ஏறத்தாழ 15.9 லட்சம் டாலர். 2016-இல் 36 சார்ட்டர்கள், அதாவது ஒவ்வொரு பந்தயத்திலும் காருக்கு இடம் உறுதி செய்யும் உரிமங்கள், வந்தன, அதோடு அந்தப் பட்டியல் நின்றது. இப்போது மொத்தம் மட்டும் சொல்கிறார்கள்: 2025 டேடோனா 500-க்கு 3,03,31,250 டாலர். இது எல்லா இடங்களுக்கும் சேர்த்து, சார்ட்டர் பங்கும் உள்ளடக்கி.

இங்கேதான் சிக்கல். சார்ட்டருக்கு முன்னால் 'பரிசில் 45 சதவீதம்' என்றால் எதில் 45 என்று கேட்க வேண்டியதே இல்லை. இப்போது டீமுக்கு வரும் பணத்தில் சார்ட்டருக்கான நிலைத்த பங்கு தனி, அந்த ஞாயிற்றுக்கிழமை முடித்த இடத்துக்கான தொகை தனி, சீசன் முடிவில் புள்ளிப் பட்டியல் இடத்துக்கான நிதி தனி. சதவீதம் இவற்றில் எதற்கு என்று வரி வரியாக எழுதாமல் கையெழுத்துப் போட்டால், 45 என்று நினைத்தது மொத்தத்தில் 15-க்கும் கீழே போய்விடும்.

சார்ட்டருக்கு முந்தைய காலத்தில் 'ஸ்டார்ட் அண்ட் பார்க்' என்று ஒரு வேலை இருந்தது. 2009 முதல் நாலைந்து வருடம் மிகப் பரவலாக நடந்தது. தகுதிச் சுற்றில் எப்படியாவது 43 கார்களில் ஒன்றாக நுழைந்துவிடுவது. பந்தயம் தொடங்கிச் சில சுற்று ஓட்டுவது. 'பிரேக் கோளாறு', 'அதிர்வு' என்று ஏதாவது காரணம் சொல்லி காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவது. கடைசி இடத்துக்கே பல பந்தயங்களில் 60,000 டாலருக்கு மேல் கிடைத்தது. முழுப் பந்தயமும் ஓட்டினால் பத்து செட் டயர், பிட் ஆட்கள், இன்ஜின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து அந்த 60,000-ஐத் தின்றுவிடும். இப்படி நிறுத்தினால் ஒன்றிரண்டு செட் டயரோடு முடிந்தது. டிரைவருக்கும் அதில் பங்கு. கேவலமாகத் தெரியலாம், ஆனால் சின்ன டீம்கள் இந்தக் காசைச் சேர்த்துத்தான் வேறொரு வாரம் முழுப் பந்தயம் ஓட்டின.

#8 டயர்தேய்மானம்

இண்டி 500-ஐ, அதாவது அமெரிக்க இண்டிகார் தொடரின் பெரிய பந்தயத்தை, விட்டுவிட்டீர்களே. 2024-இல் ஜோசப் நியூகார்டன் ஜெயித்தபோது 42,88,000 டாலர். அதில் 4,40,000 தொடர்ந்து இரண்டாவது முறை ஜெயித்ததற்கான போர்க்வார்னர் போனஸ். 1995 முதல் வருடம் 20,000 டாலர் என்று குவிந்துகொண்டே போகும் உண்டியல் அது. 2002-இல் எலியோ காஸ்ட்ரோநெவிஸ் உடைத்தபோது 1,60,000 இருந்தது. அதன்பின் 22 வருடம் யாரும் தொடவில்லை.

ஆனால் இதைப் பார்த்து இண்டிகார் டிரைவர் எல்லோரும் பரிசில் வாழ்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. மற்ற பந்தயங்களுக்குப் பெரிய பரிசு கிடையாது. அதற்குப் பதில் 'லீடர்ஸ் சர்க்கிள்' என்று வருடத்துக்கு ஒரு காருக்குப் பத்து லட்சம் டாலரை ஒட்டிய தொகை, சீசன் முடிவில் முதல் 22 இடம் பிடிக்கும் கார்களுக்கு. அது டீமுக்கு. 22-க்கும் 23-க்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதால்தான் சீசன் கடைசியில் பின்வரிசையில் டிரைவரை மாற்றிப் போடுகிறார்கள். தன் சீட் போனது எதனால் என்று டிரைவருக்கே புரியாது, 23-ஆவது இடத்தில் இருந்ததுதான் காரணமாக இருக்கும்.

#9 மூன்றாம்_வளைவு

ஆமாம், விட்டுப்போனது. களிமண் தடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடும் கார் வகைகளான ஸ்பிரிண்ட் கார், லேட் மாடல் இரண்டிலும் டிரைவருக்குச் சம்பளமே இல்லாத ஏற்பாடு சகஜம். பரிசில் 40 சதவீதத்தை ஒட்டி டிரைவருக்கு, மீதி கார் உரிமையாளருக்கு. இறுதிப் பந்தயத்துக்குத் தேறாவிட்டால் டீசல் செலவுக்கு என்று ஒரு சின்னத் தொகை. வருடத்துக்கு 80, 90 இரவு ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். எல்டோரா என்ற தடத்தில் 2022-இல் லேட் மாடல் ஜெயித்த ஜோனதன் டேவன்போர்ட்டுக்கு 10,02,022 டாலர் கிடைத்தது. அது அபூர்வம். மற்ற இரவுகளில் ஜெயித்தாலே சில ஆயிரம்தான்.

#10 புதுக்கிளட்ச்

நான் முதலில் கேட்ட துபாய் மாதிரிப் பந்தயங்கள்? 24 மணி நேரம் ஓட்டினால் பரிசு பெரிதாக இருக்காதா?

#11 லேட்பிரேக்கர்

இருக்காது. டேடோனா 24 மணி நேரத்தை ஜெயித்தால் டிரைவர்கள் பெருமையாகக் காட்டுவது ஒரு ரோலெக்ஸ் கடிகாரத்தை. நீடித்த ஓட்டப் பந்தயங்களின் பொருளாதாரமே வேறு, அது டிரைவர் தர வகைப்பாட்டின் மேல் நிற்கிறது.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ டிரைவர்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நாலாகப் பிரிக்கிறது. வெண்கலம் என்றால் பெரும்பாலும் தொழில் வேறு, ஓட்டுவது ஆசைக்கு. தங்கமும் பிளாட்டினமும் தொழில்முறை டிரைவர்கள். 2024-இல் உலக நீடித்த ஓட்டப் போட்டியில் வந்த எல்எம்ஜிடி3 பிரிவில் (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒட்டிய ஜிடி கார்கள்) காருக்கு மூன்று பேர், அதில் ஒரு வெண்கலம் கட்டாயம், இன்னொருவர் வெள்ளிக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வெண்கலக்காரர்தான் பல கார்களில் சீசன் செலவைக் கட்டுபவர். டயர், இன்ஜின் மணி நேரக் கட்டணம், மெக்கானிக்குகள், லாரி, கூடவே தொழில்முறை டிரைவரின் கூலி, எல்லாம் அந்தக் கணக்கில்.

தொழில்முறை டிரைவருக்கு இங்கே இரண்டு வழி. முதலாவது கார் கம்பெனி ஒப்பந்தம்: போர்ஷே, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் ஏஎம்ஜி மாதிரி. நிலைத்த சம்பளம். வாடிக்கையாளர் டீம் கேட்டால் கம்பெனி ஆளை அனுப்பும், அதற்கான கட்டணத்தை டீம் கம்பெனிக்குக் கட்டும். இரண்டாவது நாள்கூலி: பந்தய வாரத்துக்கு நாலு நாள், டெஸ்ட் நாள், சிமுலேட்டர் நாள் என்று நாளுக்கு இவ்வளவு, விமானமும் தங்குமிடமும் தனி.

இந்த இரண்டாவது வழியில் வேகம் மட்டும் போதாது. வெண்கலக்காரரை வேகப்படுத்தத் தெரிய வேண்டும். தன் சுற்றின் டேட்டாவையும் அவர் சுற்றின் டேட்டாவையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டு, 'நாலாவது வளைவில் பிரேக் அழுத்தம் சரி, ஆனால் விடுவது சட்டென்று விடுகிறீர்கள், அதனால்தான் முன்பக்கம் பிடிக்கவில்லை' என்று காட்ட வேண்டும். அவரைப் பதற வைக்காமல் காட்ட வேண்டும், அது இன்னும் கஷ்டம். தொழில்முறை டிரைவர் இன்னும் அரை வினாடி குறைக்க ரத்தம் சிந்த வேண்டும். வெண்கலக்காரர் இரண்டு வினாடி குறைப்பது நல்ல பயிற்சியில் நடக்கும். ஆளுக்குக் குறைந்தபட்ச ஓட்ட நேரம் விதியில் இருப்பதால் பந்தயத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டு வினாடிதான்.

#12 டயர்தேய்மானம்

இதில் வேடிக்கை, சந்தையில் விலை அதிகம் வேகமான வெள்ளிக்கு. தங்கத்தின் வேகம், வெள்ளியின் அட்டை. அப்படி ஒருவர் கிடைத்தால் டீம்கள் அடித்துக்கொள்ளும். அவரே இரண்டு பெரிய பந்தயம் ஜெயித்து அடுத்த பட்டியலில் தங்கமாக உயர்த்தப்பட்டால் பல பிரிவுகளில் அவருக்கு இடமே இல்லை. ஒரே குளிர்காலத்தில் சம்பளக்காரர் வேலை தேடுபவர் ஆகிவிடுவார். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார் என்ற புகார் வருடாவருடம் வருவது இதனால்தான்.

லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உச்ச வரம்பும் உண்டு: எந்த 6 மணி நேரத்திலும் 4 மணிக்கு மேல் ஒருவர் ஓட்டக் கூடாது, மொத்தம் 14 மணியைத் தாண்டக் கூடாது. பிளாட்டினம் ஆளை வைத்தே முழுவதும் ஓட்டிவிடலாம் என்ற கணக்கு நடக்காது.

#13 கணக்குப்பிள்ளை

நாள்கூலி என்றதும் நல்ல வருமானம் என்று தோன்றும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் கற்பனை, விகிதம் புரிவதற்கு மட்டும்.

ஆறு பந்தய வாரம், தலா 4 நாள், 24 நாள். டெஸ்ட் 10 நாள். ஆக 34 நாள், நாளுக்கு 2,000 யூரோ என்றால் 68,000. மீதி வருடத்தில் தனிப் பயிற்சி 40 நாள், நாளுக்கு 1,200 என்றால் 48,000. மொத்தம் 1,16,000. மேனேஜருக்கு 15 சதவீதம் போனால் 98,600. காப்பீடு, லைசன்ஸ், உடற்பயிற்சி, ஹெல்மெட், ஓவரால் என்று 20,000 கழித்தால் 78,600. இனிமேல்தான் வரி. கவனியுங்கள்: 74 வேலை நாளில் 40 நாள் பந்தயமே இல்லை, பயிற்சி கொடுத்தது.

காப்பீட்டில் ஏமாறாதீர்கள். சாதாரண ஆயுள், விபத்துப் பாலிசிகள் பலவற்றில் மோட்டார் பந்தயம் விலக்குப் பட்டியலில் இருக்கும். மணிக்கட்டு உடைந்து மூன்று மாதம் ஓட்ட முடியாவிட்டால் நாள்கூலிக்காரருக்கு வருமானம் பூஜ்யம். பந்தயத்தைச் சேர்த்து எழுதிய வருமான இழப்புக் காப்பீடு தனியாக வாங்க வேண்டும், பிரீமியம் கடுமை.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: பந்தயம் ரத்தானால் கூலி உண்டா? பணம் வார இறுதிக்கு முன்பா, 60 நாள் கழித்தா? கார் அடிபட்டால் செலவு யாருக்கு? கீழ்நிலை ஃபார்முலாக்களில் முன் இறக்கை, சஸ்பென்ஷன் ஆர்ம் வரை டிரைவர் பில்லில் ஏறும். ஜிடி-யில் வெண்கலக்காரருக்கு ஒரு வரம்பு எழுதுவார்கள். கூலிக்கு ஓட்டுபவர் அந்தப் பத்தியில் தன் பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

#14 சோழவரம்77

உடையில் இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். நெஞ்சு, முதுகு, தோள் பெரும்பாலும் டீமுக்குச் சொந்தம். ஹெல்மெட்டின் ஒரு பக்கம், தொப்பி, தண்ணீர் பாட்டில், இவை பேசினால் டிரைவருக்குக் கிடைக்கும். 1976 தீ விபத்துக்குப் பிறகு லாடா போட்ட சிவப்புத் தொப்பி சும்மா இல்லை, ஸ்பான்சருக்கு வாடகைக்கு விட்ட இடம். நாஸ்காரில் சட்டை, பொம்மைக் கார் விற்பனையின் ராயல்டி நட்சத்திரங்களுக்குத் தனி வருமானம்.

#15 புதுக்கிளட்ச்

நம் ஊரில்? இருங்காட்டுக்கோட்டை, கரி ஸ்பீட்வே பக்கம் ஓட்டும் பையன்களுக்கு?

#16 சோழவரம்77

தேசியச் சாம்பியன்ஷிப் அளவில் ஓட்டி மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது. பரிசுப் பணம் டயர் செலவைத் தொட்டால் பெரிது. நகர டீம்களை வைத்து நடக்கும் இந்தியன் ரேசிங் லீக்கில் கார், பராமரிப்பு எல்லாம் டீம் செலவு என்பதால் டிரைவர் கையிலிருந்து போவது குறையும். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடியது அந்த வகைதான். நிரந்தர வருமானம் வருவது தடத்தில் பயிற்சியாளர் வேலை, கார் கம்பெனிகளின் அறிமுக விழாவில் ஓட்டிக் காட்டுவது, டயர் கம்பெனி டெஸ்ட், இவற்றில்.

வெளியே போய் முழுச் சம்பளக்காரராக ஆன வழிக்கு நரேனே உதாரணம். எஃப்1 முடிந்த பிறகு ஜப்பான் போனார். அங்குள்ள பந்தயத் தொடர்களான சூப்பர் ஃபார்முலா, பிறகு சூப்பர் ஜிடி. அங்கே இன்ஜின் கம்பெனியின் பணம் பின்னால் இருக்கிறது, டிரைவர் ஸ்பான்சரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. எஃப்1-க்கு அடுத்த படியான எஃப்2-வில் ஒரு சீசனுக்குப் பல லட்சம் யூரோ கட்டிக்கொண்டு காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

#17 புதுக்கிளட்ச்

நன்றி. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். அந்த ரோலெக்ஸ் கடிகாரம், அதாவது முழுசாகக் கைக்கு வருகிறதா?

#18 கணக்குப்பிள்ளை

கைக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் பொருளாக வரும் பரிசும் வருமானம்தான், அதன் சந்தை மதிப்புக்கு வரி கட்ட வேண்டும்.